வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி: பள்ளி நிர்வாகக் குழுப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் வட்டாரப் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

உங்கள் பள்ளியின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்கத்தான் இந்த மடல். ‘ஆசிரியர் மாநாட்டுச் செலவு’ என்று பெயர் எழுதி, எதிரே ஒரு தொகை. தொகை சிறியதாக இருந்தால் பாதகமில்லை, வரி இருக்க வேண்டும். ‘இதர செலவுகள்’ என்ற மூட்டைக்குள் அதைத் திணித்துவிடாதீர்கள். ஜூன் மாதம் அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், கழிப்பறைக் குழாய்க்கும் திருட்டுப்போன மின்கம்பிக்கும் போனது போக அதில் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

நான் சாட்ஸ்வர்த்தில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. கல்வித் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டப்படி, நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லோருடைய எண்ணிக்கையையும்விடப் பெற்றோரின் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர், ஆசிரியப் பிரதிநிதிகள், மாணவப் பிரதிநிதிகள் என்று எல்லோரும் ஒரு பக்கம் கை தூக்கினாலும், பெற்றோர் சேர்ந்து நின்றால் முடிவு உங்களுடையதுதான். இதை மறந்துவிட்டு, “துறை என்ன சொல்கிறது என்று பார்ப்போம்” என்று சமோசாத் தட்டை நோக்கி எழுந்து போகும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. இதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியாயிற்று, அது கோப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தமிழில் எழுதினால் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்வார்கள். கூழ் ஊற்றும் நாளில் கோயில் வாசலில் நாலு பேராவது இதைப் பேசுவார்கள்.

எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சேஸ் என்று நாங்கள் அழைக்கும் தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றம், பதிவு பெற்ற ஒவ்வோர் ஆசிரியரும் மூன்றாண்டுச் சுற்றுக்கு 150 தொழில் வளர்ச்சிப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்கிறது. மாநாடுகளும் இந்தக் கணக்கில் சேரும். இது தவிர, ஆண்டுக்கு 80 மணி நேரம் வரை பள்ளி நேரத்துக்கு வெளியே எங்களைப் பயிற்சிக்கு அழைக்கலாம் என்று பணி விதிகளில் இருக்கிறது. செலவை யார் கொடுப்பது? 1998ஆம் ஆண்டுத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி அரசுத் துறைகள் சம்பளச் செலவில் குறைந்தது 1 சதவீதத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். ஆகவே பணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வகுப்பறை ஆசிரியரின் கண்ணுக்கு அந்தப் பணம் மாவட்டப் பயிற்சி வகுப்பாக மட்டுமே தெரிகிறது.

அந்த வகுப்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளி விட்டதும் அரக்கப்பரக்க வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு பள்ளியின் அரங்குக்குப் போவோம். திரையில் எழுத்துகள் வரும், பேசுபவர் அவற்றை அப்படியே வாசிப்பார். புதிய படிவத்தின் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று விளக்கம் நடக்கும். கையொப்பத் தாள் வரிசை வரிசையாகச் சுற்றி வரும். பாடத்தை எப்படி நடத்துவது என்ற பேச்சு தொடங்குவதற்குள் எல்லோரும் கார்ச் சாவியைக் கையில் எடுத்திருப்பார்கள்.

இதையும் மாநாட்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். கணித ஆசிரியர்களுக்கு 1993 முதல் அமேசா என்ற சங்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் மாகாணம் மாறி மாறி அது தேசிய மாநாடு நடத்துகிறது. பெரும்பாலும் குளிர்கால விடுமுறையை ஒட்டித்தான் நடக்கும். அப்படிப்பட்ட ஒரு மாநாட்டில் லிம்போப்போ மாகாணக் கிராமப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், அறையின் குறுக்கே துணி காயப்போடும் கயிறு ஒன்றைக் கட்டினார். ஒரு முனையில் 0, மறுமுனையில் 1 என்று அட்டை. எங்கள் கையில் ஆளுக்கொரு பின்னத்தைக் கொடுத்து, துணி மாட்டும் கிளிப்பால் அதை அதன் இடத்தில் மாட்டச் சொன்னார். அரையும் முக்காலும் சுலபமாக ஏறிவிட்டன. அடுத்து அவர், 2/3க்கும் 3/4க்கும் நடுவில் ஒரு பின்னத்தை மாட்டுங்கள் என்றார். தலை நரைத்த கணித ஆசிரியர்கள் கயிற்றடியில் நின்று வாதாடினோம். ஒருவர் 5/7 என்றார். சரிதான், அது நடுவில்தான் விழுகிறது.

அப்போது அந்த ஆசிரியை கேட்டார்: “இந்த 5/7ஐ நீங்கள் இதற்கு முன் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?” அறை முழுக்கச் சிரிப்பு. 2/3ஐயும் 3/4ஐயும் கூட்டச் சொன்னால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 5/7 என்று எழுதும் பிள்ளைகள் எங்கள் ஒவ்வொருவர் வகுப்பிலும் உண்டு. ஆயுள் முழுக்கச் சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறோம். “அடிக்காதீர்கள். அந்த விடையை அவனையே கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள்” என்றார் அவர். கூட்டி வந்த விடை, கூட்டிய முக்காலுக்குக் கீழே போய்த் தொங்குவதைப் பிள்ளை தானே பார்ப்பான். அதற்குப் பிறகு ஆசிரியர் விளக்க வேண்டியது மிகக் குறைவு.

என் எட்டாம் வகுப்பில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது. அதன் விலையைச் சொன்னால் உங்கள் பொருளாளர் மகிழ்ந்துபோவார். ஆனால் அதை இன்னோர் ஆசிரியர் செய்து காட்ட நான் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு நான் அந்த அறையில் இருக்க வேண்டியிருந்தது.

இனி அனுமதியின் கதை. ஆசிரியர் ஒருவர் பிப்ரவரி கடைசியில் விண்ணப்பம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “குழுவில் வைக்கிறேன்” என்பார் தலைமையாசிரியர். சட்டப்படி குழு ஒரு பருவத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். பல குழுக்கள் அந்த ஒரு முறைதான் கூடுகின்றன. முதல் பருவக் கூட்டம் முடிந்துவிட்டதென்றால் விண்ணப்பம் இரண்டாம் பருவத்துக்குக் காத்திருக்கும். அதற்குள் முன்பதிவுச் சலுகை போய்விடும், பல்கலைக்கழக விடுதி அறைகள் நிரம்பிவிடும், பயண டிக்கெட் விலை ஏறிவிடும். மே மாதக் கூட்டத்தில் “இவ்வளவா?” என்று புருவத்தைத் தூக்குவார்கள். மூன்று விலைப்புள்ளிகள் கொண்டுவாருங்கள் என்பார் ஒருவர். (நாட்டில் ஒரே ஒரு தேசியக் கணித மாநாடு நடக்கும்போது மற்ற இரண்டு விலைப்புள்ளிகளை எந்தக் கடையில் போய் வாங்குவது?) நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் எனக்கு அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபோது மாநாடு முடிந்து எல்லோரும் ஊர் திரும்பியிருந்தார்கள். கடிதத்தின் கடைசி வரியில் பயணத்துக்கு வாழ்த்து வேறு.

யாருடைய கெட்ட எண்ணமும் இதில் இல்லை. கூட்டத் தேதிகளும் மாநாட்டுத் தேதிகளும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். சரிசெய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிர்வாகக் குழு தனக்குக் கீழே துணைக் குழுக்களை அமைக்கலாம் என்கிறது 30ஆம் பிரிவு. தொகையை முழுக் குழுவும் நவம்பரிலேயே முடிவு செய்துவிடட்டும். அதற்குள் அடங்கும் விண்ணப்பங்களைத் தலைவரும் பொருளாளரும் தலைமையாசிரியரும் இரண்டு வாரத்துக்குள் பார்த்து முடிவு சொல்லட்டும். மறுப்பதானால் மறுத்துவிடுங்கள். பிப்ரவரியில் கிடைக்கும் ‘இல்லை’யை வைத்துக்கொண்டு ஆசிரியர் வேறு இடத்தில் உதவி கேட்கலாம், கடன் வாங்கலாம், அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போடலாம். ஜூனில் வரும் ‘சரி’யை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பள்ளி நாட்களில் நடக்கும் மாநாடு என்றால் விடுப்புக்கு அனுமதி தனியாக வேண்டும், வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியரும் வேண்டும். முதல் ஓரிரு ஆண்டுகள் விடுமுறையில் வரும் மாநாடுகளோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

அடுத்தது பொருளாளர்களின் பயம். நான் அறிந்த பொருளாளர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், பள்ளிப் பணத்தில் ஒரு சென்ட் வீணாக விடாதவர், என்னிடம் நேராகவே சொன்னார்: “அம்மா, நீங்கள் அரசுச் சம்பளம் வாங்குபவர். பள்ளிப் பணத்தில் உங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் ஆடிட்டர் என் கழுத்தைத்தான் பிடிப்பார்.” அவர் கற்பனையில் பயப்படவில்லை. பள்ளிகள் சட்டத்தின் 38ஏ பிரிவு, அரசு ஆசிரியருக்கு, அவரைப் பணியமர்த்திய கல்வித் துறையின் ஒப்புதலின்றி நிர்வாகக் குழு கூடுதல் ஊதியமோ வேறு பணப் பலனோ பொருளோ கொடுக்கக் கூடாது என்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதே பிரிவு சற்றுத் தள்ளிச் சொல்வதைத்தான் யாரும் படித்துக் காட்டுவதில்லை: பள்ளியின் அலுவல் சார்ந்த செயல்களுக்கான பயணச் செலவையும் தங்கும், உண்ணும் செலவையும் குழு கொடுக்கலாம். அதே நிலையில் ஓர் அரசு ஊழியருக்குக் கிடைக்கக்கூடிய தொகையை அது தாண்டக் கூடாது. ஆகவே, இந்த மாநாட்டுப் பயணம் பள்ளியின் அலுவல் என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பதிவுக் கட்டணத்தை ஆசிரியர் கையில் கொடுக்காமல், மாநாட்டை நடத்தும் சங்கத்துக்குப் பள்ளிக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள். பஸ் டிக்கெட், அறை ரசீது எல்லாம் கோப்பில் இருக்கட்டும். இதற்கு மேல் ஆடிட்டர் கேட்பதற்கு எதுவும் இருக்காது.

சரி, பணம். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைக்கு ஆண்டுக்குப் பத்து ராண்ட் ஒதுக்கினால் பத்தாயிரம் ராண்ட். கட்டண விலக்குப் பெற்ற குடும்பங்கள், கட்ட முடியாமல் நிற்கும் குடும்பங்கள் எல்லாம் போகப் பாதிதான் தேறும் என்றாலும் ஐயாயிரம். அதை வைத்துக்கொண்டு எல்லோரும் விமானத்தில் பறக்க முடியாது, பறக்கவும் வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் இங்கிருந்து 570 கிலோமீட்டர் போல. இரவு பஸ் இருக்கிறது. பக்கத்துப் பள்ளிகள் மூன்று சேர்ந்து ஆளுக்கோர் ஆசிரியரை ஒரே காரில் அனுப்பலாம். மாநாடு டர்பனிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ நடக்கும் ஆண்டில் தங்கும் செலவே இல்லை, அந்த ஆண்டில் ஐந்தாறு பேரை அனுப்புங்கள்.

பணம் திரட்ட நம்மவர்களுக்குத் தெரியாதா என்ன? சனிக்கிழமை விடியுமுன் பெரிய பானைகள் அடுப்பேறும். மசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட பிரியாணி, ஓரத்தில் பருப்பும் பச்சடியும். டிக்கெட் புத்தகத்தை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் போட்டு அனுப்பிவிடுவோம். கால்பந்து அணியைக் கேப்டவுனுக்கு அனுப்பியிருக்கிறோம், அரங்குக்குக் கூரை போட்டிருக்கிறோம், சீருடையில்லாத நாள் வைத்து ஐந்து ராண்ட் ஐந்து ராண்டாகச் சேர்த்துப் பள்ளி வேனுக்கு டயர் மாற்றியிருக்கிறோம். ஆசிரியர் மாநாட்டுக்கென்று ஒரு பானை ஏறி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு பானை போதும்.

நம் முன்னோரும் இதைப் புதுமையாக நினைத்திருக்க மாட்டார்கள். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்க நேட்டாலில் போதுமான பள்ளிகள் இல்லை. ஊரார் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிய பள்ளிகளுக்குத்தான் அரசு தன் பங்கைக் கொடுத்தது. 1927இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், கட்டடத்தோடு நிற்கவில்லை. இங்குள்ள இந்தியப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராய இந்தியாவிலிருந்து கல்வியாளர்கள் கப்பலேறி வந்தார்கள், அவர்களில் ஒருவர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியை. மக்கள் நன்கொடையில் எழுந்து 1929இல் திறந்த சாஸ்திரி கல்லூரியில் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்தே இருந்தது. கரும்புத் தோட்டத்துக் கூலியில் வாழ்ந்தவர்களின் காசு அதில் இருக்கிறது.

“அனுப்பிப் பயிற்சி கொடுத்தால் துபாய்க்கும் லண்டனுக்கும் போய்விடுவார்கள்” என்று ஒரு வாதம் எப்போதும் வரும். போகிறவர்கள் சம்பளத்துக்காகப் போகிறார்கள். மாநாட்டுக்கு அனுப்பாததால் இங்கேயே தங்கிவிட்ட ஆசிரியர் எவரையும் எனக்குத் தெரியாது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது, அதை நீங்கள்தான் திருத்த முடியும். பணம் கிடைக்கிற அபூர்வமான ஆண்டில் போவது யார்? தலைமையாசிரியர், அல்லது துணைத் தலைமையாசிரியர். திரும்பி வந்து ஊழியர் கூட்டத்தில் “மிகவும் பயனுள்ளதாக இருந்தது” என்று சொல்வார், ஒரு துணிப்பை அலுவலக மேசையில் கிடக்கும். எட்டாம் வகுப்புக்குக் கணிதமும் நான்காம் வகுப்புக்கு வாசிப்பும் கற்பிப்பவர்களை அனுப்புங்கள். பணிக்கு வந்து ஐந்தாண்டு ஆகாதவர்களையும் அனுப்புங்கள், அவர்களுக்கு முன்னால் இன்னும் முப்பது ஆண்டு வகுப்பறை இருக்கிறது. திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் அவர் கற்றதில் ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அறிக்கை கேட்காதீர்கள், அறிக்கை எழுத எங்களுக்கு நன்றாகவே வரும். ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களையும் கூப்பிடுங்கள், பெற்றோர் நீங்களும் பின்வரிசையில் வந்து உட்காருங்கள்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் உங்களிடமும் ஒரு வார்த்தை. நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. 2014இல் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு குவாசுலு-நேட்டால் பள்ளிகளில் மறுபடி இடம் கிடைத்தது. ஆனால் இன்றும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர்கள், சனி ஞாயிறுகளில் கோயில் மண்டபத்தில் சம்பளமில்லாமல் நிற்கும் பாட்டிகளும் அக்காமாரும்தான். அவர்களுக்கு சேஸ் புள்ளியும் இல்லை, துறையின் 1 சதவீதமும் இல்லை. நீங்கள் ஆண்டுதோறும் கலைப் போட்டி நடத்துகிறீர்கள், நல்லது. மேடை நிறையக் கோப்பைகள் வாங்குகிறீர்கள். பங்கேற்ற எல்லோருக்கும் ஒன்று, பரிசு கொடுக்க வந்தவருக்கும் ஒன்று. கோப்பைகளில் பாதியைக் குறைத்து, அந்தப் பணத்தில் இந்த ஆசிரியர்களை ஆண்டுக்கொரு முறை இரண்டு நாள் ஓரிடத்தில் கூட்டுங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருந்து வருபவருக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். சென்னையின் தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று பாடநூல்களும் ஆசிரியர் பயிற்சியும் வைத்திருக்கிறது. அதிலிருந்து ஒருவரை இணையவழி பேச வைப்பதற்குச் செலவு மிகக் குறைவு. இந்திய அரசு வெளிநாட்டவருக்கென 1964 முதல் நடத்தும் ஐடெக் பயிற்சித் திட்டத்தில் தேர்வானால் விமானச் செலவும் தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள், ஆனால் விண்ணப்பம் நம் அரசுத் துறையின் பரிந்துரையோடு போக வேண்டும். அந்தப் பரிந்துரைக்காகத் தனி ஆளாக அலையும் ஆசிரியருக்குப் பின்னால் ஒரு சங்கத்தின் கடிதத்தாளாவது நிற்கட்டும்.

மறுபடி பெற்றோர்களுக்கு. பள்ளியின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவுக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். கூட்டத்துக்கு 14 நாள் முன்பிருந்தே திட்டத்தைப் பள்ளியில் வந்து பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. என் மகள் படிக்கும் பள்ளியில் நான் போய்ப் பார்ப்பேன். வரி அங்கே இல்லையென்றால் கூட்டத்தில் கை தூக்குவேன். உங்கள் பள்ளியில் நான் கை தூக்க முடியாது, நீங்கள் முடியும். தீர்மானத்தை எழுத நேரமில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அதன் வாசகத்தை இங்கேயே தருகிறேன். தொகையை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

“பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பாடம் சார்ந்த மாநாடுகளில் பங்கேற்பது இப்பள்ளியின் அலுவல் சார்ந்த செயல் என இக்குழு ஏற்கிறது. அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனித் தலைப்பில் ........ ராண்ட் ஒதுக்கப்படுகிறது. தலைவர், பொருளாளர், தலைமையாசிரியர் ஆகிய மூவர் கொண்ட துணைக் குழு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் அளிக்கும். வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு முன்னுரிமை தரப்படும். சென்று வருபவர் 14 நாட்களுக்குள் ஒரு பாடத்தை நடத்திக் காட்டுவார்.”

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருத்தி
சாட்ஸ்வர்த், டர்பன்